அழிய மறுத்த வினாத்தாள்

போன மாதம் நம் சர்வீஸ் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர் ஒரு வாடிக்கையாளரின் கணினியில் அழிய மறுத்த ஒரு கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு சின்ன மென்பொருளை இறக்கினார், இரண்டு தட்டுத் தட்டினார், கோப்பு போய்விட்டது. எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. கை வேகத்தைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோப்பை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் நடந்ததை உங்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. நான் வண்ணார்பேட்டையில் ஒரு கணினிக் கடையில் சர்வீஸ் ஆளாக இருந்தேன். அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வரை, இந்தப் பக்கம் கங்கைகொண்டான் வரை எந்தக் கணினி படுத்தாலும் நான்தான் போவேன். அந்த அச்சகம் எங்கள் பழைய வாடிக்கை. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அறுபதை நெருங்கிய மனிதர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பேச்சில் எப்போதும் ஒரு அவசரம். எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். ஊர் முழுக்கக் கணினிக்கு மாறியபோது வேறு வழியில்லாமல் இரண்டு வாங்கினார். உள்ளறையில் ஒன்று, அதில்தான் டைப் செட்டிங் வேலை நடக்கும். முன்னறையில் அவருடைய மேஜை மேல் இன்னொன்று, அதோடுதான் லேசர் பிரிண்டர் இணைந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி இழுத்து இணைத்துக் கொடுத்தது நான்தான். அண்ணாச்சி எதையும் தொட மாட்டார். காலையில் சுவிட்சைப் போடுவதற்குக்கூட உள்ளே பார்த்து, "ஏம்மா, இதுக்குக் கொஞ்சம் உயிர் குடு" என்பார்.

அவர் கூப்பிடும் அந்தப் பெண் ஜன்னத். மேலப்பாளையத்துக்காரி. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கலாம். அந்த அச்சகத்தின் டைப் செட்டிங் முழுவதும் அவள் கையில்தான். அதிகம் பேச மாட்டாள். தலையை மூடிய முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வேலை பார்ப்பாள்.

கார்த்திகை மாதம், விடாத தூறல். சாயங்காலம் நெருங்குகிற நேரத்தில் கடைக்கு அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. வழக்கமாகச் சத்தமாகப் பேசுகிறவர் அன்றைக்குக் குரலை அடக்கிப் பேசினார்.

"தம்பி, உடனே வாரும். ஒரு ஃபைலு அழிய மாட்டேங்குது. இங்கன ஒரு பெரிய மனுசர் உக்காந்திருக்காரு. அதுக்கு மேல போன்ல சொல்ல முடியாது."

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஒரு கோப்பை அழிக்க இவ்வளவு பதற்றம் எதற்கு என்று வழியெல்லாம் யோசனை.

உள்ளே போனதும் விஷயம் புரிந்தது. உள்ளறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த ஒரு கல்லூரியின் தேர்வுப் பொறுப்பு அவரிடம். நாளை மறுநாள் நடக்க இருந்த கடைசி வருடக் கணக்குப் பரீட்சையின் வினாத்தாளை அங்கே அச்சடித்திருந்தார்கள். காலையிலிருந்து அவர் அந்த அச்சகத்தை விட்டு நகரவில்லை. அச்சடித்த தாள்கள் கட்டாகக் கட்டி அரக்கு முத்திரை வைத்து அவர் காலடியில் இருந்தன. கடைசியாக ஒரு வேலைதான் பாக்கி. கணினியில் இருக்கும் வினாத்தாளை அவர் கண் முன்னால் அழிக்க வேண்டும். அது அழிந்த பிறகுதான் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்புவார்.

அது அழியவில்லை. ஜன்னத் ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் கணினி ஒரே பதிலைச் சொன்னது. கோப்பு பயன்பாட்டில் இருக்கலாம், அழிக்க முடியாது.

பேராசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் ரிப்பேர் பண்ணுதவரா?"

"ஆமா சார்."

"பையில என்ன இருக்கு?"

ஸ்குரூ டிரைவர், துடைக்கிற துணி, பிளாப்பிகள் என்று சொன்னேன்.

"பிளாப்பியெல்லாம் எடுத்து இந்த மேஜை மேல வையுங்க. போகும்போது நானே எண்ணித் தருவேன். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இன்னைக்கு யாரையும் நம்பத் தோணல."

அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவர் பார்வை அப்படியே ஜன்னத்தின் பக்கம் திரும்பியது.

"உங்க பையும்."

அவள் முகம் சட்டென்று வெளுத்ததை நான் பார்த்தேன். பேராசிரியரும் பார்த்தார். சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு கைக்குட்டை என்று வரிசையாக எடுத்து வைத்தவள், கடைசியில் கைக்குட்டைக்குள் மடித்திருந்த ஒரு பிளாப்பியை வைத்தாள்.

"இது என்ன?" என்றார் அவர்.

"என்னோடது சார்."

"அதைத்தான் கேக்கேன். இதுல என்ன இருக்கு?"

அவள் அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள்.

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அழிய மறுக்கும் வினாத்தாள், கைக்குட்டையில் ஒளித்த பிளாப்பி, வெளுத்துப்போன முகம். மூன்றையும் கோத்துப் பார்க்க யாருக்கும் நேரம் ஆகாது. பேராசிரியர் அந்த பிளாப்பியை என்னிடம் நீட்டினார். போட்டுத் திறந்தேன். ஒரே ஒரு கோப்பு. திரையில் மேலே அரபியில் ஒரு வரி, கீழே தமிழில் மணமகன், மணமகள் பெயர்கள்.

"எங்க ராத்தாவோட கல்யாணப் பத்திரிகை சார்," என்றாள் ஜன்னத். அக்காவைத்தான் சொன்னாள். "வேலை முடிஞ்ச பொறவு கொஞ்சங் கொஞ்சமா அடிச்சேன். அண்ணாச்சிட்ட கேக்கல. கேட்டா ஏசுவாகன்னு."

பேராசிரியர் பிளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. பிடித்த ஒரு நூல் அறுந்தால் அடுத்த நூலைத் தேடுகிற கண் அது.

"சரி. அப்போ ஏன் இது அழியல?"

நான் கணினியின் முன் உட்கார்ந்தேன். முதலில் வைரஸாக இருக்குமோ என்று பார்த்தேன். அந்தக் காலத்தில் காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் வைரஸ் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். அதுவும் இல்லை. வினாத்தாள் திரையில் வேறு எந்தச் சாளரத்திலும் திறந்திருக்கவில்லை. அந்தக் கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அழிக்க விடவில்லை.

வெளியே பேராசிரியரின் வாடகைக் கார் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்? நான் இருட்டுறதுக்குள்ள இந்தக் கட்டுகளையெல்லாம் காலேஜ்ல கொண்டு வச்சுப் பூட்டணும்."

"ரொம்ப ஆகாது சார். அணைச்சுட்டு, வேற வழியா உள்ள போய் அழிச்சுடலாம்."

அப்படித்தான் நாங்கள் எல்லாரும் செய்வோம். கணினியை நிறுத்தி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் கறுப்புத் திரையில் நுழைந்து அழித்தால் எந்தக் கோப்பும் தப்பாது. நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். உடனே திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உங்கள் கணினியோடு ஒருவர் இணைந்திருக்கிறார், நிறுத்தினால் அவருடைய தொடர்பு அறுந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டது.

இந்தப் பெட்டியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படிக்காமலே ஆமாம் என்று அழுத்திவிட்டுப் போவேன். கை அதற்குள் மவுஸின் மேல் இருந்தது. அன்றைக்கு ஏனோ ஒருவர் என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. அந்த அச்சகத்தில் இருப்பதே இரண்டு கணினிகள். இன்னொன்று முன்னறையில். நான் உள்ளே வரும்போது அதன் திரை கறுப்பாக இருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

வேண்டாம் என்று அழுத்தினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் பேராசிரியர்.

"ஒரு நிமிஷம் சார்."

இன்னொரு கணினியிலிருந்து யார் வந்து எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு சின்னக் கருவி அதிலேயே இருந்தது. அதைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. முன்னறைக் கணினியின் பெயர். அதன் கீழே அந்தக் கணக்கு வினாத்தாள். திறந்தது மதியம். அதன் பிறகு அசைவே இல்லை.

நான் திரும்பி, "மதியம் இந்த ரூம்ல யார் சார் இருந்தா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. நாங்க ரெண்டு பேரும் பின்னால மிஷின் ரூம்ல தாளை எண்ணிக் கட்டிக்கிட்டு இருந்தோம். இந்தப் பொண்ணு என் கண்ணைவிட்டு நகரல. இந்த ரூமை நானே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் போனேன்." சாவியைத் தொட்டுக் காட்டினார். "ஏன் கேக்கீங்க?"

கதவைப் பூட்டிவிட்டால் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். சுவரோரமாகப் போகிற கம்பியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதை அவருக்குச் சொல்ல வாயைத் திறந்தபோது, அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "தம்பி, பைய ஒரு நிமிசம் இப்படி வாரும்" என்று நடைவழிக்குக் கூட்டிப் போனார். பேராசிரியரின் கண் எங்கள் முதுகிலேயே இருந்தது.

"என்னவே அது?"

"உங்க மேஜை மேல இருக்கதுல இருந்து யாரோ வினாத்தாளைத் திறந்து வச்சிருக்காங்க அண்ணாச்சி. மதியம் திறந்தது."

"அது காலையில பிரிண்ட் எடுத்ததுலேருந்து அணைஞ்சுதான கெடக்கு."

"திரைதான் அணைஞ்சிருக்கு. அதோட பெட்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கணும்."

அவர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார்.

"அந்தப் பிள்ளைதான் காலையில பிரிண்ட் எடுக்கும்போது திறந்துட்டு மறந்திருக்கும்."

"மதியம்னு காட்டுது."

"காட்டுது காட்டுதுன்னு சொல்லுதீரு. மிசினு சொல்லுத நேரத்தையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கிடணுமா? இங்க பாரும். அங்கன போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டா இது அழிஞ்சிரும்லா?"

"அழிஞ்சிரும்."

"அப்பம் பிடுங்கிட்டு வாரும். அவரு காரு நிக்குது. அழிச்சுக் காட்டிட்டா அவரு பாட்டுக்குப் போயிருவாரு. அந்தப் பிள்ளையை நான் நாளைக்கே நிறுத்திருதேன். எதுக்குவே சின்னதைப் போட்டுப் பெரிசாக்கணும்?"

"மதியம் முன்னறையில யார் அண்ணாச்சி இருந்தா?"

"நாந்தான் இருந்தேன். வேற யாரு? ஒரு ஈ எறும்பு உள்ள வரல."

அது பொய் என்று எனக்குத் தெரியும். மதியம் எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறேன். சாப்பிட்டதும் பின்கட்டில் காகிதக் கட்டுகளின் மேல் துண்டை விரித்து ஒரு தூக்கம் போடாமல் அவர் முன்னறைக்குத் திரும்ப மாட்டார். பேராசிரியர் வந்திருக்கிற நாளில் தூங்கினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறாரா, இல்லை, வேறு எதையாவது மறைக்கிறாரா என்று அந்த நேரத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கச் சொல்கிற ஆள், அந்தப் பெண் மேல் பழியைத் தூக்கிப் போடுகிற ஆள், மதியம் எங்கே இருந்தேன் என்பதை மாற்றிச் சொல்கிற ஆள். அதுவரை ஜன்னத்தின் மேல் இருந்த என் சந்தேகம் முழுதாக அவர் மேல் வந்து உட்கார்ந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். நடைவழியில் நின்ற எனக்கு இரண்டு கதவுகள் தெரிந்தன. இடது பக்கம் முன்னறை. நாலு எட்டு வைத்து ஒரு பிளக்கைப் பிடுங்கினால் கோப்பு சத்தமில்லாமல் அழியும். என்னைக் கூப்பிட்டது கோப்பை அழிக்கத்தான். கூப்பிட்டவரும் அதைத்தான் செய்யச் சொல்கிறார். எனக்குக் கொடுத்த வேலை அதோடு முடிந்தது. ஆனால் அது அழிந்தால், யார் திறந்தார்கள் என்பதும் அதோடு அழியும். ஜன்னத் மறுநாள் வேலையிழந்து மேலப்பாளையத்தில் உட்காருவாள். வினாத்தாளைத் திருடியவள் என்ற பேரோடு. பார்த்தவர் யாரோ அவர் பரீட்சைக் கூடத்தில் சிரித்துக்கொண்டே எழுதுவார். வலது பக்கம் உள்ளறை. அங்கே போய் உண்மையைச் சொன்னால், எங்கள் கடைக்கு ஒரு பழைய வாடிக்கை போகும்.

நான் யோசித்த நேரம் அதிகமில்லை. பெரிய துணிச்சல் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு அண்ணாச்சி மேல் கோபம் வந்திருந்தது, அது உதவியது.

"நான் தனியா அந்த மிஷினைத் தொட மாட்டேன் அண்ணாச்சி. தொட்டா நாளைக்கு என்னையும் கேப்பாங்க. எல்லாரும் சேர்ந்து போய்ப் பாப்போம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்புத்தான் இருந்தது. பயம் தெரியவில்லை. அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

உள்ளறைக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். "சார், நீங்க பூட்டினது கதவைத்தான். இந்தக் கம்பி வழியா முன்னறையில இருந்தும் இதைத் திறக்கலாம். யாரோ திறந்திருக்காங்க. நீங்களே வந்து பாருங்க."

அவர் கட்டுகளைத் தனியே விட மனமில்லாமல் அவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை ஜன்னத்தின் கையில் கொடுத்தார். அவள் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள்.

முன்னறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். அப்போதுதான் மேஜைக்குக் கீழே பெட்டியின் மெல்லிய இரைச்சல் எல்லோர் காதிலும் விழுந்தது. குனிந்து கையை வைத்தேன். சூடாக இருந்தது. திரையின் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்துவதற்கு முன்னால் மேஜையை ஒரு பார்வை பார்த்தேன். விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. மூடியின் மேல் மடித்து வைத்த வாழையிலைத் துண்டு. அண்ணாச்சிக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வருகிற தூக்கு. தினமும் அதைக் கொண்டுவருவது அவர் மகள் கோமதி. அதே கல்லூரியில் கணக்குப் படிக்கிற பெண். கடைசி வருடம்.

அழுத்தினேன். பழைய திரை, மெதுவாகத்தான் வெளிச்சம் வந்தது. முதலில் ஒரு சாம்பல் நிறம், பிறகு எழுத்துகள். வினாத்தாளின் இரண்டாவது பக்கம், பெரிதாக்கி வைத்திருந்தது. படிக்க வசதியாக.

பேராசிரியர் ஒரு அடி பின்னால் போனார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. அதுவரை அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஜன்னத்தான் செய்தாள் என்று மனதார நம்பித்தான் இருந்திருக்கிறார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னது கடையின் பேர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில். தூங்கினதை மறைத்தது வெட்கத்தில். நான் அவர் மேல் அடுக்கி வைத்திருந்த சந்தேகம் அத்தனையும் சரிந்து விழுந்தது.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நாந்தான் சார் திறந்தேன்" என்றார்.

"நீங்களா?"

"ஆமா. மதியம் இங்கன ஒருத்தரும் இல்ல. ஒரு ஆசை. மக எழுதுத பரிச்சைலா. என்ன கேட்டிருக்காகன்னு பாத்தேன். பெறகு எப்படி மூடுததுன்னு தெரியல. இந்தப் பட்டனை அமுக்கினேன், அணைஞ்சிட்டுது. அணைஞ்சிட்டுதுன்னு விட்டுட்டேன்."

ஜன்னத் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காலையில் சுவிட்சு போடக்கூட அவளைக் கூப்பிடுகிறவர் கம்பி வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைந்து, கோப்பைத் தேடி, திறந்து, பெரிதாக்கிப் படித்தாராம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரையை மட்டும் அணைப்பவர்கள் இரண்டு வகை. விவரம் தெரியாதவர்கள் ஒரு வகை. யாரோ வரும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கைக்கு எட்டிய பொத்தானை அமுக்கியவர்கள் இன்னொரு வகை.

"உங்க மகளுக்குத் தெரியுமா?" என்றார் பேராசிரியர்.

"அவளுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல சார். அவ நல்லாப் படிக்குத பிள்ளை. ஒங்களுக்கே தெரியும்."

பேராசிரியர் நெடுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. திறந்தது இவர்தானா?"

இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கடினமானது வேறு இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். எனக்குத் தெரிந்தது என்ன, நான் ஊகித்தது என்ன என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். கோமதி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு தூக்கைத்தான் பார்த்தேன்.

"எந்த மிஷின்ல இருந்து திறந்தாங்கன்னு இது சொல்லும் சார். எந்தக் கைன்னு சொல்லாது. மதியம்னு சொல்லுது. மதியம் ஜன்னத் உங்க கூட இருந்தாங்கன்னு நீங்களே சொன்னீங்க. அதனால அவங்க இல்ல. அதை எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். மத்தது எனக்குத் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். ஜன்னத்தின் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டு, "உங்க பையை நான் சோதிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு அண்ணாச்சியிடம், "யார் பாத்தாங்கன்னு நான் இனிமே கேக்கப் போறதில்ல. பாத்தாச்சு. அது போதும். இந்தத் தாள் இனி செல்லாது. ராத்திரி உக்காந்து வேற போட்டு, காலேஜ்லயே ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் மிஷின்ல உருட்டிக்கிடுதேன். இனி உங்க கடைக்கு எங்க வேலை வராது" என்றார்.

"சரி சார்," என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான்.

"இப்ப அழியுதான்னு பாருங்க," என்றார் பேராசிரியர் என்னிடம்.

முன்னறையில் வினாத்தாளை மூடினேன். உள்ளே போய் அழித்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்விட்டது. இனி அது அழிந்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான்.

வெளியே வந்தபோது ஜன்னத் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரை உதைக்காமல் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் கூட நடந்தேன்.

"அண்ணாச்சி பொய் சொல்லுதாக சார்," என்றாள்.

"தெரியும்."

"மதியம் சாப்பாடு கொண்டாந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கொலுசுச் சத்தம். ரொம்ப நேரம் அது திரும்பிப் போவல."

"ஏன் சொல்லல?"

அவள் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னைக் கள்ளியாப் பாத்தப்பம் ஆத்திரமாத்தான் வந்துச்சு. அப்பமே சொல்லிருக்கலாம். பொறவு அந்தத் தூக்கைப் பாத்தாக பாருங்க. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்கு வாய் வரல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களும் என்னையத்தான நெனச்சீக?" என்றாள்.

"ஆமா. கொஞ்ச நேரம்."

"எல்லாரும் கொஞ்ச நேரந்தான் நெனச்சீக. அதுக்குள்ள எனக்குப் பாதி உசிரு போயிட்டு."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நீங்கள் ஒரு இடத்துக்குப் போய் இறங்கும்போது, அங்கே யாரோ ஒருவர் பயத்தோடு நின்றுகொண்டிருப்பார். உங்களுக்கு அது இன்னொரு கோப்பு. அவருக்கு அது அவருடைய பேர். அழியாத ஒன்றைப் பலவந்தமாக அழிப்பதற்கு முன்னால், அது ஏன் அழியவில்லை என்று ஒரு முறை கேளுங்கள். கணினி பிடிவாதம் பிடிக்காது. யாரோ அந்தப் பக்கம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் அது சொல்ல வருகிறது. கேட்டபின் கிடைக்கிற பதிலில், உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஊகத்துக்கு உங்களிடம் யாரும் சம்பளம் தருவதில்லை.

அண்ணாச்சி ஜன்னத்தை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளை நேராகப் பார்த்துப் பேச அவருக்குத்தான் வெகுநாள் ஆயிற்று என்று அவளே சொன்னாள். அவள் ராத்தாவின் கல்யாணப் பத்திரிகையை அங்கேயே நல்ல அட்டையில் அடித்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் அண்ணாச்சியே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் கடையை அவர் தலைமுழுகியிருப்பார் என்று நினைத்திருந்தேன். இரண்டு கணினிகளுக்கும் நடுவே இருந்த கம்பியைக் கழற்றிவிடச் சொன்னார். கடவுச்சொல் போட்டால் போதும், கம்பி இருக்கட்டும் என்றேன். கேட்கவில்லை. கழற்றிச் சுருட்டி அவர் மேஜை மேல் வைத்தேன். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"மக பரிச்சை நல்லா எழுதினாளா அண்ணாச்சி?"

"எழுதினா. பாஸ்தான்."

கேட்கலாமா கூடாதா என்று தயங்கினேன். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நடந்ததைப் பத்தி அவகிட்ட நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

அவர் சுருட்டிய கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் முனையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"கேக்கலை வே," என்றார். "அவ ஆமான்னு சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல. சின்னப் பிள்ளை, பண்ணிட்டா, ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுரலாம். நான் பண்ணலப்பான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டான்னு வையும். அதுக்கப்புறம் நான் அவ சொல்லுத எதைவே நம்புவேன்?"